அளவுத் தண்ணி

பெத்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதவள் என்று ஊருக்குள் பேர் எடுத்தவள் சண்முகத்தாய். அதுவும் எந்த ஊரில்? ஏரலுக்குக் கிழக்கே, ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், வாசல் தெளிக்கிற வாளியில்கூட தாமிரபரணி தளும்புகிற ஊரில். அங்கே வழிப்போக்கன் வந்து நின்றாலும் முதலில் செம்புத் தண்ணி, பிறகுதான் நீ யாரு எவரு என்கிற விசாரணை. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி அரை லிட்டர் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, காலையில் இவ்வளவு, மத்தியானம் இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு என்று பதினோரு வயசுப் பிள்ளைக்கு அளந்து ஊத்தினால் ஊர் சும்மா இருக்குமா? பேசத்தான் செய்தது. பேசுகிற வாய்க்கு வாடகையா குடுக்கிறார்கள்.

அவளுக்கு மட்டும் ஆசையா என்ன. மகள் பானுப்ரியாவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. பிறக்கும்போதே மூத்திரம் போகிற குழாயில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் வரும், மாத்திரை போட்டால் போகும். அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலையில் முகம் பணியாரம் மாதிரி உப்பிப்போய் எழுந்து வந்தாள். பூச்சிக்கடி என்று நினைத்தார்கள். தூத்துக்குடிக்குக் கொண்டுபோனால், டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ரெண்டும் சுருங்கிப் போச்சும்மா, இனிமே மெஷின்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும் என்றார். உள்ளே போகிற தண்ணிக்கு வெளியே வர வழி கிடையாது. கூட ஒரு செம்பு குடித்தால் அது நெஞ்சில் போய் நிற்கும், மூச்சு முட்டும். இதை ஊரில் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லுவாள்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"யம்மா, தண்ணி தவிக்கு."

"இப்பதானளா குடிச்ச."

"ஒரே ஒரு மடக்கு."

"கோட்டைத் தாண்டக் கூடாது மக்கா. சாயங்காலத்துக்கு வேண்டாமா?"

"நீயெல்லாம் ஒரு அம்மையா?"

சண்முகத்தாய் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாள் தானும் பிள்ளை குடிக்கிற அளவுதான் குடிப்பது என்று இருந்து பார்த்தாள். பங்குனி வெயில். மத்தியானத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, எச்சில் முழுங்க எச்சில் இல்லை. இதைத்தான் எம்பிள்ளை தினமும் தாங்குதா என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் அளந்துதான் ஊத்தினாள்.

வீட்டில் பானுவின் கண் முன்னால் யாரும் தண்ணி குடிப்பதில்லை. சண்முகத்தாயின் புருசன் ஆறுமுகநயினார் தோட்டத்துக்குப் போய் மோட்டார்க் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு வருவான். பிள்ளைக்கு உப்பில்லாச் சமையல் என்றால் வீட்டுக்கே உப்பில்லாச் சமையல். காயை வேகவைத்து அந்தத் தண்ணியைக் கீழே கொட்டிவிட்டு, சக்கையைத்தான் தாளிக்க வேண்டும். இளநீர் ஆகாது, சாத்துக்குடி ஆகாது. வாழைப்பழம் ஆகவே ஆகாது. அதில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது, கிட்னி இல்லாத உடம்பில் அது ஏறினால் நெஞ்சு நின்றுபோகும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆறுமுகநயினாருக்கு இருக்கிறது ஒண்ணேகால் ஏக்கர், அவ்வளவும் வாழை. வாழைக்காரன் பிள்ளைக்கு ஒரு பழம் உரித்துக் குடுக்க விதியில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறினால்தானே. வெறுங்கையோடு வரக் கூடாதாம், சீப்புச் சீப்பாகப் பழத்தோடு வந்து நிற்பார்கள். சண்முகத்தாய் வாசலிலேயே வாங்கி மாட்டுக்குப் போடுவாள். அதுக்கும் ஒரு பேச்சு.

செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் வெள்ளன எழுந்து தூத்துக்குடி பஸ். முக்காணி, பழையகாயல் தாண்டினால் ரெண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்பைக் கும்பாரம் கும்பாரமாகக் குவித்து வைத்திருப்பார்கள்.

"இம்புட்டு உப்பையும் யாரும்மா திம்பா?" என்று பானு கேட்பாள்.

"நம்மளத் தவிர எல்லாரும் திம்பாவ. நீ தூங்கு."

ஆஸ்பத்திரியில் பானுவுக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஜெனோ என்று ஒரு பையன், அவளைவிட ஒரு வயசு மூத்தவன், கடற்கரைக்காரன். அவன் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அவன் அம்மா சலேத் வாய் ஓயாமல் ஜெபமாலை உருட்டுவாள், உருட்டிக்கொண்டே பேசவும் செய்வாள். மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் பிள்ளைகள் ரெண்டும் சும்மா கிடக்குமா? யார் தாகத்தை ரொம்ப நேரம் அடக்குவது என்று பந்தயம்.

"எங்க அப்பா ஒரே மூச்சுல அடிக்கடல் வரைக்கும் போய் சங்கோட வருவாரு. நான் அவரு பிள்ளை. என்னைய நீ செயிக்க முடியாது," என்பான் ஜெனோ.

"உங்க அப்பாவுக்கு மேல வந்தா மூச்சு இருக்கு. நமக்கு மேல வந்தாலும் தண்ணி இல்லையேடே," என்பாள் பானு. அவளுக்கு நாக்கு நீளம்.

அந்த வார்டு நர்ஸ் ஈவாஞ்சலின், நாசரேத்துப் பிள்ளை, இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ட்யூபைச் சரிபண்ணும். "ரெண்டு பேருக்கும் புதுக் கிட்னி வைக்கட்டும், அப்பறம் பாருங்க. தண்ணி குடி, தண்ணி குடின்னு நாங்க கம்பை எடுத்துட்டு விரட்டுவோம். அது தண்ணி குடிச்சாத்தான் வேலை செய்யும்," என்று ஒரு நாள் சொன்னது. பானு அதை நம்பவே இல்லை. குடிக்கச் சொல்லி விரட்டுவாங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நிசமா, தேவனாணை என்றது ஈவாஞ்சலின்.

"அப்ப மொதல்ல நீ என்ன குடிப்ப?" என்றாள் பானு ஜெனோவிடம்.

"கலர். ரெண்டு பாட்டில். நீ?"

"எங்க ஆத்துத் தண்ணி, செம்பு நிறைய. அண்ணாந்து குடிப்பேன். கழுத்து வழியா வழிஞ்சு சட்டையெல்லாம் நனையணும்."

அந்தப் புதுக் கிட்னி எங்கேயோ இல்லை, சண்முகத்தாய் வயிற்றுக்குள்தான் இருந்தது. மதுரையில் புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் சோதித்துப் பார்த்தார்கள். அவனுக்குச் சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவளுடையது எல்லாவகையிலும் பொருந்தியது. இடது பக்கம் எடுப்போம், ஆனி மாசம் ஆபரேஷன் என்றார்கள். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம், நிற்கும்போதும் நடக்கும்போதும் இடது கை தன்னால் இடுப்புக் குறுக்கில் போய் இருந்துகொள்ளும். பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பண்டத்தை மூடிப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

ஆறுமுகநயினார்தான் உடைந்துபோனான். மதுரையிலிருந்து வருகிற பஸ் கயத்தாறைத் தாண்டியிருக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என் உடம்புல என் பிள்ளைக்குக் குடுக்க ஒண்ணுகூட உதவாதாம்ளா."

"ரெண்டு பேருல ஒருத்தருது பொருந்துச்சேன்னு சந்தோசப்படுங்க."

"நீ அவளுக்குத் தண்ணியக் குறைக்க, உயிரக் குடுக்க. நான் என்னத்தக் குடுக்கேன் சொல்லு."

நல்ல மனுசன், பிள்ளை என்றால் உயிர். பானுவின் இடது கையில் மெஷினுக்கு ஊசி போடுவதற்காக ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் கிர்ரென்று ஓடுவது தெரியும், காதை வைத்தால் சத்தமே கேட்கும். தினமும் தோட்டத்துக்குப் போகும்முன் அதில் காதை வைத்துக் கேட்பான். "மோட்டார் ஓடுது, கரண்ட் இருக்கு," என்பான். பானு சிரிப்பாள். அதைக் கேட்காமல் அவன் வாசல்படி இறங்கின நாள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் எவனோ அவனிடம் சொல்லியிருக்கிறான். சொன்னவன் பேர் தெரிந்து இப்போது என்ன ஆகப்போகிறது? சொல்லாவிட்டாலும் நம்ம பக்கத்தில் அதைத் தெரியாத ஆள் உண்டா? கிட்னிக்கு வாழைத்தண்டு. கல்லையே கரைக்கும், நீரைப் பிரிக்கும், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து டீக்கடை வரைக்கும் இதைத்தான் சொல்லுவார்கள். கல் இருக்கிறவனுக்கு அது என்ன செய்யுமோ, இங்கே கிட்னியே இல்லை. அந்த வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்? ஆறுமுகநயினாருக்கு அது சாமி வாக்கு மாதிரி ஆகிவிட்டது. தன் உடம்பு உதவாவிட்டால் என்ன, தன் தோட்டம் உதவும். தன் கையால் நட்டு, தண்ணி கட்டி, குலை வெட்டின வாழை.

வைகாசியில் ஒரு நாள் காலையில் சண்முகத்தாய் தொழுவத்திலிருந்து உள்ளே வந்தபோது பானு ஒரு எவர்சில்வர் டம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"இது தண்ணி இல்லளா," என்றான் பக்கத்தில் நின்ற ஆறுமுகநயினார். "தண்டை இடிச்சுப் பிழிஞ்ச சாறு. மருந்து. தண்ணிக் கணக்குல வராது."

"வாழை ஆகாதுன்னு அவ்வளவு சொன்னாவளே."

"பழம்தான ஆகாதுன்னாவ. தண்டு ஆகாதுன்னு எவன் சொன்னான்? நாலஞ்சு நாளாக் குடுக்கேன், கால் வீக்கம் வத்தியிருக்கு பாரு."

பார்த்தாள். வத்தின மாதிரியும் இருந்தது, வத்தாத மாதிரியும் இருந்தது. ஈவாஞ்சலினிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போன் நம்பர் கையில்தான் இருந்தது. அவளுக்கு மனசுக்குள் ஏதோ இடித்தது, அது வாஸ்தவம். ஆனால் பானு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேல் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். தொண்டை நனைந்த பிள்ளையின் சிரிப்பு. எத்தனை மாசம் ஆயிற்று அதைப் பார்த்து. எப்போதும் நான்தான் பிடுங்குகிறவளாக இருக்க வேண்டுமா, ஒரு நாளாவது விட்டுவிடக் கூடாதா என்று சண்முகத்தாய்க்குத் தோன்றியது. பிடித்த கையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

சனிக்கிழமை மெஷினுக்கும் செவ்வாய்க்கிழமை மெஷினுக்கும் இடையில் ரெண்டு நாள் கிடப்பு. அந்த ரெண்டு நாளும்தான் பிள்ளைக்குத் தவிப்பு ஜாஸ்தி. அந்த வாரம் வெயில் வேறு கொளுத்தியது. ஆபரேஷன் நெருங்குதுல்லா, உடம்பு தேறணும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநயினார் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடுத்தான். திங்கட்கிழமையும் குடுத்தான். அன்று மத்தியானம் பானு கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, கால் வர மாட்டேங்கு."

"மரத்திருக்கும் மக்கா. நீட்டு, தேய்ச்சு விடுதேன்."

"மரக்கல. கால் எனக்குள்ளதே இல்லாத மாதிரி இருக்கு. நாக்கும் ஒரு மாதிரி இருக்கும்மா."

கார் பிடித்தார்கள். ஆறுமுகநயினார் முன்சீட்டில், சண்முகத்தாய் பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. பழையகாயல் தாண்டும்போது பானு தண்ணி கேட்டாள். பாட்டில் பையில்தான் இருந்தது. மூச்சு முட்டுகிறதோ, தண்ணி ஏறிவிட்டதோ, இப்போது குடுத்தால் இன்னும் மோசமாகுமோ என்று சண்முகத்தாய்க்குப் பயம்.

"ஆஸ்பத்திரி வந்துட்டு மக்கா. மெஷின்ல போட்டதும் தாரேன்."

"ஒரு மடக்கும்மா."

"தாரேன் தாயி. இந்தா வந்துட்டு."

உப்பளம் முடிகிற இடத்தில் பிள்ளையின் தலை அவள் கைக்குள் கனத்துப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஓட்டமாக ஓடினார்கள், ஊசி போட்டார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து ஆறுமுகநயினாரின் தோளில் கையை வைத்ததும் அவன் நேராக உள்ளே போனான். பிள்ளையின் இடது கையைத் தூக்கி, தைத்திருந்த இடத்தில் காதை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. ஈவாஞ்சலின் வந்து அண்ணாச்சி, அண்ணாச்சி என்று தோளைத் தொட்டும் எடுக்கவில்லை. "சத்தம் வராது, கரண்ட் போயிருக்கு, இப்ப வந்துரும்," என்றான். அதைக் கேட்டு அந்த வார்டில் அழாதவர் இல்லை.

ஈவாஞ்சலின் சண்முகத்தாயை வராண்டாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டது.

"அக்கா, பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டா?"

"வாழைத்தண்டுச் சாறு."

"எவ்வளவு?"

"தினமும் காலையில. நேத்து மட்டும் ரெண்டு வேளை."

ஈவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டது. "பழத்துல இருக்கது தண்டுலயும் இருக்கும்லா அக்கா. நாங்களும் தண்டுன்னு பேர் சொல்லிச் சொல்லலியே."

சண்முகத்தாய் திரும்பி உள்ளே பார்த்தாள். அவன் இன்னும் காதை எடுக்கவில்லை.

"அவியகிட்ட மட்டும் சொல்லிராத தாயி. ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

அப்படித்தான் அந்தச் சொல் அவளுக்குள் போய்ப் புதைந்தது. புதைத்ததைக் காப்பது லேசுப்பட்ட காரியமா? துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஆறுமுகநயினார் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவான். "கடைசியில நான் குடுத்த சாறு மட்டும்தான் எம்பிள்ளை ஆசையாக் குடிச்சா. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி." வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு, ஓரக்கண்ணால் சண்முகத்தாயைப் பார்ப்பார்கள். தண்ணி குடுக்காத தாய். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பார்க்கட்டும், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த மனுசனுக்கு இருக்கிற ஒரு பிடியையும் பிடுங்கினால் அவன் எந்த மரத்தில் தொங்குவானோ என்கிற பயம் அவளுக்கு.

இடது கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. எடுத்து வைத்தது எடுத்து வைத்தபடியே உள்ளே இருந்தது. ஒரு நாள் மனசு கேளாமல் ஈவாஞ்சலினுக்குப் போன் போட்டு, என்னோடத அந்த ஜெனோ பையனுக்காவது வைக்கலாமா என்று கேட்டாள். அவன் அம்மாவுக்கு ரத்த வகை பொருந்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். சட்டம் லேசுல விடாதுக்கா, நெருங்கின சொந்தமா இருக்கணும் என்று சொல்லி அந்தப் பிள்ளையும் அழுதது.

ஆடி வந்தது. நம்ம பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பொம்பளைப் பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்து, உயிரோடு இருக்கையில் ஆசைப்பட்டதையெல்லாம் படைத்துக் கும்பிடுவார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆறுமுகநயினார் எல்லாம் தயார்பண்ணினான். மக்ரூன், முறுக்கு, இளநீர், தோட்டத்திலேயே பெரிய தாராகப் பார்த்து ஒரு சீப்புப் பழம். எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் இலையில் இருந்தது. நடுவில், அந்த எவர்சில்வர் டம்ளர் நிறைய வாழைத்தண்டுச் சாறு. சண்முகத்தாய் அதைப் பார்த்துவிட்டு விளக்குத் திரியை இழுத்துவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சலேத் வந்து நின்றாள், பக்கத்தில் ஜெனோ. பானு வீட்டையும் ஆத்தையும் பார்க்கணும் என்று அவன் நச்சரித்தானாம். ஒரு பாக்கெட் மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்துக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பொருத்தி வைத்துவிட்டு, சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையன் இன்னும் மெலிந்திருந்தான், முகம் மட்டும் உப்பியிருந்தது. பஸ்ஸில் வந்த வெயில், உதடு வெடித்திருந்தது.

"அண்ணாச்சி," என்றாள் சலேத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பானு இவன்ட்ட சொல்லியிருக்கா, எங்கப்பா ஒரு மருந்து தாராரு, வாழைத்தண்டுச் சாறு, குடிச்சா தண்ணித் தவிப்பு அடங்குது, கால் வீக்கம் வத்துதுன்னு. அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன், அதுக்குள்ள இப்படி ஆயிட்டு. எங்களுக்கும் ரெண்டு தண்டு வெட்டித் தந்தீங்கன்னா..."

பானு போன நாளிலிருந்து ஆறுமுகநயினார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சண்முகத்தாய் பார்க்கவில்லை.

"ரெண்டு என்ன, வாராவாரம் பஸ்ஸுல குடுத்து விடுதேன். எம்பிள்ளை குடிச்சதை இவன் குடிச்சா எனக்கு அவ குடிச்ச மாதிரிதான்." சொல்லிக்கொண்டே இலைக்கு முன்னால் குனிந்து அந்த டம்ளரை எடுத்தான். "இந்தா மக்கா. பானுவுக்கு வச்சது. மொதல்ல நீ குடி."

ஜெனோ ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாய்க்குக் கொண்டுபோகுமுன் அம்மாவைப் பார்த்தான். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை. "இது கணக்குல வருமா?"

"இது மருந்துடே, கணக்குல வராது," என்றான் ஆறுமுகநயினார்.

பையன் அண்ணாந்தான். சண்முகத்தாய் எப்படி எழுந்தாள், எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சாறு தரையில் சிந்தியது. அன்றைக்குப் பிடித்துவிட்டு விட்ட கை, இந்தத் தடவை விடவில்லை.

"ஏளா, உனக்கென்ன கோட்டியா?" என்றான் ஆறுமுகநயினார். "பிள்ளை வாய்க்குப் போனதைப் பிடுங்குத."

"அது ஆகாது."

"எது ஆகாது?"

"வாழைத்தண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. பழத்துல இருக்க பொட்டாசியம் அதுலயும் இருக்கு." டம்ளரைப் பையன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சலேத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், புருசனைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை. "இதை நீ குடுக்காத தாயி. யாரு குடுத்தாலும் வாங்காத."

சலேத் பையனை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். புரிய வேண்டியது அவளுக்குப் புரிந்துவிட்டது, பையனின் தோளைப் பிடித்து வாசலுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

"யாரு சொன்னா?" என்றான் ஆறுமுகநயினார்.

"ஆஸ்பத்திரியில."

"எப்ப?"

"அன்னைக்கே."

அவன் இலையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அப்ப நான்தானா?"

"நானும்தான். நீங்க குடுத்தீய, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு உறுத்துச்சு. அவ சிரிச்சா, விட்டுட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் அவகூடப் போயிருப்பேனேளா."

"அதுக்குத்தான் சொல்லல," என்றாள் சண்முகத்தாய்.

அவன் அழுதான். ஊர் கேட்க அழுதான். பிள்ளை போன அன்றுகூட இப்படி அழவில்லை. அவள் அவனைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் நெஞ்சு வெடித்துவிடும்போலத்தான் இருந்தது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. வாசலில் ஜெனோ தண்ணி கேட்பதும், சலேத் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியில் அளந்து குடுப்பதும் உள்ளிருந்தே தெரிந்தது.

மெழுகுவத்தி பாதி உருகின பிறகு ஆறுமுகநயினார் எழுந்தான். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனான். மிச்சம் இருந்த சாறைக் கொட்டினான். சாம்பல் போட்டுத் தேய்த்தான், கழுவினான், மறுபடியும் தேய்த்தான். அவள் உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு உள்ளே வந்து, பிள்ளைக்குப் படைக்க என்று ஆத்துத் தண்ணிக் குடத்துக்கு முன்னால் குந்தினான். குடத்தைச் சாய்க்கப் போனவன் கையை நிறுத்திவிட்டான். இத்தனை நாளில் அவன் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினதே இல்லை, அது எப்போதும் அவள் வேலை. திரும்பி அவளைப் பார்த்தான்.

"எம்புட்டு ஊத்த?"

சண்முகத்தாய் எழுந்து போய் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, பெரிய செம்பை எடுத்துக் குடத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நிறைய ஊத்துங்க," என்றாள். "வழிஞ்சா வழியட்டும்."